கொள்ளுத்தாத்தா ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குத் தானமாகத் தரலாமா, இரவலாகவா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம் சார். கொள்ளுத்தாத்தாவின் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. துணியில் வரைந்தது, மூலையில் 1911 என்று இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் 2009-இல் காலமாகிவிட்டார். சுவரெல்லாம் ஓதம், அதனால் அரசு அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்கிறேன். கடலூர் அக்கா இரவலாக மட்டும் கொடு என்கிறார். பாரிஸில் இருக்கும் தம்பி தானே எடுத்துப் போகிறேன் என்கிறான். அம்மாவுக்கு 81 வயது, திதிக்குப் படம் வீட்டில் வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி சொல்வதை முதலில் முடித்துவிடுவோம் அம்மா, அது நடக்காது. நூறு வருடம் தாண்டிய ஓவியம் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை. சுருட்டிப் பெட்டியில் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று அவர் கேட்கலாம், அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். இதே சட்டப்படி இப்படிப்பட்ட ஓவியத்தைத் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிவு செய்யவும் வேண்டும். பல வீடுகளில் இது தெரியவே தெரியாது. உரிமை மாறினால் மட்டுமல்ல, இரவலாகக் கைமாறினாலும் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும், ஆகவே பதிவை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அடுத்து, ஓவியம் யாருடையது? அப்பாவுடையதாகவே இருந்தது என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. (ரெனோன்சான், அதாவது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தங்கள் சொந்தச் சமூகச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பமாக இருந்தால் பிரெஞ்சு சிவில் சட்டம் வரும், கணக்கு மாறும், அப்படியென்றால் எனக்குத் திரும்ப எழுதுங்கள்.) உங்கள் வீட்டில் தொங்குகிறது என்பதற்காக நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு முழு ஓவியத்தையும் தானம் செய்ய முடியாது.

அக்கா சொல்லும் இரவல் பத்திரமான வழி போலத் தெரியும், ஆனால் அதில்தான் சிக்கல் அதிகம். காசு வாங்காமல் கொடுத்த இரவல், கொடுத்தவர் இறந்ததும் முடிந்துவிடும் என்கிறது ஒப்பந்தச் சட்டம், பிரிவு 162. கூட்டுச் சொந்தக்காரர்கள் கொடுத்த பொருளை, வேறு மாதிரி எழுதி வைக்காவிட்டால், மற்றவர்களைக் கேட்காமலே ஒருவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறது பிரிவு 165, அதாவது ஒருநாள் தம்பி போய்க் கேட்டால் அருங்காட்சியகத்தார் அவர் கையில் கொடுத்துவிடுவார்கள், அவர்கள்மேல் தப்பும் இருக்காது. அவர்கள் காட்ட வேண்டியதும் சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் பொருளுக்குக் காட்டும் கவனம் மட்டும்தான். மழைநீர் ஒழுகிக் கெட்டுப்போனால் அந்தக் கவனம் இருந்ததா இல்லையா என்று வருடக்கணக்கில் வாதாட வேண்டியிருக்கும். இரவல்தான் வேண்டும் என்றால் காலம், காப்பீடு, யாரிடம் திருப்பித் தருவது, இப்போதைய நிலையைக் காட்டும் புகைப்படங்கள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் தானம், அதுவும் அம்மா நன்றாக இருக்கும்போதே. அசையும் பொருளைத் தானம் செய்யப் பதிவுப் பத்திரம் கட்டாயமில்லை, தானமாக ஒப்படைத்தாலே போதும். வசதிதான், ஆபத்தும் அதில்தான். வாய்ப்பேச்சோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் அது தானமா இரவலா என்று பத்து வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. கொடுத்த தானத்தை மனம் மாறித் திரும்பக் கேட்கவும் முடியாது, ஆகவே நிபந்தனை எதுவானாலும் ஓவியம் வாசல் தாண்டுமுன் எழுதுங்கள்: விளக்கப் பலகையில் குடும்பப் பெயர், வேறு இடத்துக்கு மாற்றினால் தகவல், அஞ்சலட்டை போட்டால் உங்களுக்குச் சில பிரதிகள். எப்போதும் காட்சியில் வைப்போம் என்று எந்த அரசு அருங்காட்சியகமும் எழுதித் தராது, அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். திதிக்கு ஓவியத்தைக் கொண்டுவந்து கொண்டுபோவதும் நடக்காத காரியம். அனுப்புமுன் நல்ல கேமராவில் எடுத்து அதே அளவில் பிரிண்ட் போட்டு மாட்டுங்கள், அம்மா கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொண்டால்தான் தானம் செல்லும். அருங்காட்சியகத்தில் ஒருவர் வாயால் சரி என்றது போதாது, ஏற்றுக்கொண்டதாகத் துறையின் கடிதத்தைக் கையில் வாங்கிவிடுங்கள். தம்பி வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும், நீங்கள் அவருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடலாம். அப்புறம், ஆடிட்டர் யாராவது 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு கிடைக்கும் என்றால் நம்பாதீர்கள், அது பணமாகக் கொடுத்தால்தான், பொருளுக்குக் கிடையாது.