நிறவெறியை எதிர்த்த கறுப்பினப் பெண்களுக்கு மகிழ்ச்சி எங்கே கிடைத்தது?

சமையலறையில் கிடைத்தது என்பேன். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பஸ்ஸில் காட்டப்பட்ட நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறவே மறுத்தார்கள். அந்த மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு என்றதும், இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸையும் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்கையும் மட்டுமே அறிந்திருந்த எனக்கு, ஜார்ஜியா கில்மோரைப் பற்றிப் பிற்பாடுதான் தெரியவந்தது. அன்றுமுதல் யார் கேட்டாலும் அவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அலபாமா மாநிலத்தில் 1955 டிசம்பரில் தொடங்கிய அந்தப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லக் கார்கள் வேண்டும், பெட்ரோல் வேண்டும். உணவகச் சமையல்காரரான கில்மோர் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, வறுத்த கோழியும் கேக்கும் செய்து விற்று அதற்குப் பணம் திரட்டினார். பெண்களின் அழகு நிலையங்களில்கூட விற்பனை நடந்தது. வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்த பெண்கள் பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பே போய்விடும். ஆகவே, ஊர்பேர் இல்லாதவர்களின் சங்கம் என்ற பொருளில் தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள்.

தன்னிடம் காசை வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக ஏறச் சொல்லி இறக்கிவிட்டு, ஏறுவதற்குள் பஸ்ஸை ஓட்டிச் சென்ற ஓட்டுநரைப் பற்றி 1956 மார்ச்சில் நீதிமன்றத்தில் கில்மோர் துணிந்து சாட்சி சொன்னார். வேலை போயிற்று. கிங் தந்த ஊக்கத்தில் தன் வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். கிங்கும் தோழர்களும் அங்கே சாப்பிட்டபடி திட்டம் தீட்டினார்கள். 1990இல் அவர் இறந்தபோது, கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா பேரணியின் 25ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்காக அவர் சமைத்து வைத்திருந்ததையே துக்கத்துக்கு வந்தவர்கள் உண்டார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு சங்கங்களுக்கு இடையே நடந்த போட்டிதான். நகரின் இன்னொரு பகுதியில் ஐனெஸ் ரிக்ஸ் என்ற பெண்மணியும் இதேபோல ஒரு சங்கம் தொடங்கினார். இந்த வாரம் யாருடைய வசூல் அதிகம் என்று இரு தரப்பும் போட்டி போட்டன. போராட்டக்காரர்கள் தேவாலயத்தில் கூடும் திங்கள் இரவுக் கூட்டத்தில் கில்மோர் தொகையைச் சொன்னதும் தேவாலயமே எழுந்து நின்று ஆரவாரம் செய்யும். பகலெல்லாம் பிறர் வீட்டில் உழைத்து, நடந்தே திரும்பிய பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 1956 ஜனவரியில் கிங்கின் வீட்டிலேயே குண்டு வீசப்பட்ட ஊர் அது. அங்கே, அந்த நாட்களில், கோழி விற்ற காசுக்குக் கைதட்டி மகிழ அவர்களால் முடிந்தது. ஓர் ஆண்டுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.