வாசகர் கேள்வி: பிட் ஒடிகிறது, பேடு பெயர்கிறது

கேள்வி: வீட்டில் ஃபெரிக் குளோரைடில் எட்ச் செய்த (வேண்டாத காப்பரை அரித்தெடுத்த) கிளாஸ் எபாக்சி சர்க்யூட் போர்டில் கை டிரில்லால் துளை போடுகிறேன். 0.8 மி.மீ. கார்பைடு பிட் (துளையிடும் ஊசி) பத்துத் துளைக்குள் ஒடிந்துவிடுகிறது. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் ஒடிவதில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் காப்பர் பேடு (பாகத்தின் காலைச் சால்டர் செய்ய, துளையைச் சுற்றி விடும் காப்பர்) பெயர்ந்து வருகிறது. எந்த பிட் வாங்கலாம்?

பதில்: கார்பைடே சரி. மாற வேண்டியது டிரில்லைப் பிடிக்கும் விதம். கார்பைடு கடினமானது, ஆனால் துளியும் வளையாது. கை லேசாகச் சாய்ந்தாலே முறியும். எச்.எஸ்.எஸ். வளைந்து கொடுக்கும், ஆனால் போர்டிலுள்ள கண்ணாடி இழை அதன் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய பிட்டை அழுத்தித்தான் இறக்க வேண்டும். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும்தான் பேடு கிளம்புகிறது.

ஆட்டமில்லாத சிறிய டிரில் ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் இருப்பது நல்லது. சுவரில் துளையிடும் டிரில் 3,000 சுற்றுதான் தரும். மோட்டாரை ஓடவிட்டு முனையைப் பாருங்கள். ஒரே புள்ளியாகத் தெரியாமல் சின்ன வட்டம் போட்டால் சக் (பிட்டைக் கவ்வும் பகுதி) கோணல். அதில் எந்த கார்பைடு பிட்டும் நிலைக்காது. பிட் உள்ளே இருக்கும்போது போர்டு நகரவே கூடாது. அடியில் வீணான எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) துண்டு வைத்தால் மறுபக்கம் சிதறாது.

ஸ்டாண்டு வாங்க முடியாவிட்டால் கண்ணாடி இழைக்குப் பதில் காகிதத்தாலான பேப்பர் பினாலிக் போர்டுக்கு மாறிவிடுங்கள். அதற்கு எச்.எஸ்.எஸ். பிட்டும் கையும் போதும்.

ஐ.சி., கால் வாட் ரெசிஸ்டருக்கு 0.8 மி.மீ., 1என்4007 டயோடுக்கு 1 மி.மீ., ஸ்க்ரூ டெர்மினலுக்கு 1.3 மி.மீ. துளை. 0.8 துளைக்குப் பேடு 1.8 மி.மீ.க்குக் குறைந்தால் சுற்றிலும் மிஞ்சும் காப்பர் சால்டர் செய்யும் சூட்டைத் தாங்காது. ஐ.சி.க்கு நீள்வட்டப் பேடு வரையுங்கள், கால்களுக்கிடையே 2.54 மி.மீ.தான் இருக்கிறது.

கேள்வி: துளையை எட்சிங்குக்கு முன்பே போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். போர்டு வரையும் மென்பொருளான கிகேடில் அச்சிடும்போது டிரில் மார்க்கை (பேடின் நடுவே துளைக்கான அடையாளம்) ‘ஸ்மால்’ என்று வையுங்கள். பேடின் நடுவே காப்பர் அரிபட்டு ஒரு சிறு குழி விழும். பிட் முனை தானாக அதில் போய் உட்காரும். ஐ.சி. கால்கள் வரிசை தப்பாமலிருக்க இதைவிட எளிய வழி கிடையாது.

கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. என்95 முகக்கவசமும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.