அகித்தோப்பேலின் காரணம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிறு எங்கள் சபையில் துரோகத்தைப் பற்றிப் பிரசங்கம். அகித்தோப்பேலைப் பழைய ஏற்பாட்டு யூதாஸ் என்றார் போதகர். தாவீது ராஜாவின் ஆலோசனைக்காரன், ராஜாவின் மகன் அப்சலோம் கலகம் செய்ததும் அந்த மகன் பக்கம் போய்விட்டான். யூதாசைப் போலவே நான்றுகொண்டு செத்தான். சரி. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு 30 வெள்ளிக்காசு. இவனுக்கு என்ன? வேதத்தில் தேடினேன், காரணமே சொல்லப்படவில்லை. காரணமில்லாமலா கூட இருந்தவனைக் கைவிடுவான்?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

காரணம் இருக்கிறது. நாம் வாசிக்காமல் தாண்டிப்போகும் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது.

2 சாமுவேல் 23இல் தாவீதின் பராக்கிரமசாலிகள் வரிசையாக வருகிறார்கள். 34ஆம் வசனத்தில் அகித்தோப்பேலின் மகன் எலியாம். இனி 11ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். சாயங்காலம் அரண்மனை மாடியில் உலாவிய தாவீது, குளித்துக்கொண்டிருந்த பெண் யாரென்று விசாரிக்கிறான். எலியாமின் மகள், உரியாவின் மனைவி பத்சேபாள் என்கிறார்கள். இரண்டு எலியாமும் ஒருவரே என்றால் அவள் அகித்தோப்பேலுக்குப் பேத்தி. முன்சொன்ன பட்டியலில் கடைசிப் பெயர் உரியா. மாமனாரும் மருமகனும் ஒரே படை. பத்சேபாளைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டு, அந்த மருமகனிடமே அவனுடைய சாவுக்கான கடிதத்தைக் கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பியவன் தாவீது.

வேதம் இந்த இரு வசனங்களையும் சேர்த்துச் சொல்லவில்லை. யூத மரபு சேர்த்தது. வயதுக் கணக்கு இடிக்கிறது, இது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு என்பவர்களும் உண்டு. நான் முடிச்சுப் போடுபவர்கள் பக்கம்தான். காரணம், அகித்தோப்பேல் அப்சலோமுக்குச் சொன்ன ஆலோசனைகள்.

தாவீது தப்பி ஓடும்போது அரண்மனையில் விட்டுப்போன 10 மறுமனையாட்டிகளோடு ஊரறியச் சேரச் சொன்னான். அதற்குக் கூடாரம் போட்ட இடம் மாடி. (கலகம் அடங்கிய பிறகு அந்தப் பெண்களைத்தான் சாகும்வரை அடைத்துவைத்தார்கள். பிரசங்கங்களில் அவர்கள் வருவதில்லை.)

அடுத்தது இன்னும் துல்லியம். 12,000 பேரோடு இன்று இரவே நான் துரத்திப்போகிறேன், ராஜா ஒருவனை மட்டும் வெட்டுகிறேன், மற்ற ஜனங்களைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்கிறான். ஆலோசனைக்காரன் எதற்குத் தானே கிளம்ப வேண்டும்? ஏன் ராஜா ஒருவனை மட்டும்? தலைவன் செத்தால் போர் முடியும் என்பது தந்திரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாவீதோடு அவன் வீட்டாரும் கால்நடையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பத்சேபாளும் தாவீதுக்கு அவள் பெற்ற சிறுவன் சாலொமோனும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும். கிழவன் அதை நினைக்காமலா பேசியிருப்பான்?

1681இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் இந்தக் கதையை எடுத்து நெடுங்கவிதை எழுதினார். அதில் அகித்தோப்பேல் வெறும் சூழ்ச்சிக்காரன். தன் காலத்து அரசியல்வாதி ஷாப்ட்ஸ்பரி பிரபுவை அந்தப் பெயரில் திட்டுவதற்கு அது போதும். பேத்தியைக் கொண்டுவந்தால் திட்ட முடியாதே!

இரவே துரத்தும் அந்த ஆலோசனையைக் கெடுத்தவன் ஊசாய். அவனும் ‘ராஜாவே வாழ்க’ என்று பொய் சொல்லி அப்சலோமிடம் ஒட்டிக்கொண்டவன்தான். தாவீது அனுப்பிய ஆள் என்பதால் உங்கள் போதகரின் துரோகிகள் பட்டியலில் அவன் இருந்திருக்க மாட்டான்.

யூதாஸ் காசை ஆலயத்தில் எறிந்தான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று மனஸ்தாபப்பட்டான். அகித்தோப்பேல் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் யோசனை எடுபடவில்லை என்று கண்டதும் கழுதைக்குச் சேணம் கட்டி ஊருக்குப் போனான். வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டுச் செத்தான். அவனைத் தகப்பன் கல்லறையிலேயே அடக்கம்பண்ணினார்கள்.