இமான் ஆடு மாடு மேய்த்தாரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எழுபதுகளின் சூப்பர் மாடல் இமான், ஆப்பிரிக்கக் காட்டில் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு போட்டோகிராபர் கண்ணில் பட்டு உச்சத்துக்குப் போனார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு 'தன்னம்பிக்கைக் கதை' சுற்றுகிறதே, நிஜமா? – வாசகி, திருச்சி

பதில்: (நம் இசையமைப்பாளர் இல்லை, சோமாலியாவில் பிறந்த இமான்.) சுத்தப் பொய். 1975இல் பீட்டர் பியர்ட் என்ற அமெரிக்க போட்டோகிராபர் அவரைப் பார்த்தது காட்டில் இல்லை, நைரோபி நகரத்துத் தெருவில். இமான் அப்போது அங்கே பல்கலைக்கழக மாணவி. அப்பா தூதராக இருந்தவர், இவர் எகிப்தில் விடுதிப் பள்ளியில் படித்தவர், ஐந்து மொழி பேசுவார். 'உன்னை யாராவது போட்டோ எடுத்திருக்கிறார்களா' என்று பியர்ட் கேட்டதும், நாங்கள் கேமராவையே பார்த்ததில்லை என்று நினைக்கிற இன்னொரு வெள்ளைக்காரர் வந்துவிட்டார் என்றுதான் தோன்றியது என அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சும்மாவும் போய் நிற்கவில்லை, படிப்புக் கட்டணத்துக்கு 8,000 டாலர் பேசிவிட்டுத்தான் நின்றார்.

அப்படிப்பட்டவரை நியூயார்க்குக்கு வரவழைத்து, காட்டுப் பக்கம் கண்டெடுத்தேன் என்று பியர்ட் பத்திரிகைகளுக்குக் கதை விட்டார். நிருபர்களும் நம்பினார்கள். நம்பாமல் என்ன? ஐம்பது வருஷமாக படங்கள் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தன! 1926இல் பாரிஸ் மேடையில் வாழைப்பழப் பாவாடை கட்டி ஆடிய ஜோசஃபின் பேக்கரின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து நேரே வந்து இறங்கியவர் போல. அவர் பிறந்தது அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரத்தில். இமானுக்குப் பிறகும் இது நிற்கவில்லை: 1978இல் பாடகியும் மாடலுமான கிரேஸ் ஜோன்ஸைக் கூண்டுக்குள் நாலு காலில் நிற்க வைத்து, பக்கத்தில் பச்சை மாமிசம், மேலே 'விலங்குக்கு உணவளிக்காதீர்கள்' என்ற பலகை என்று ஒரு படம் பண்ணினார் ழான் பால் கூட் என்ற பிரெஞ்சு போட்டோகிராபர். ஜோன்ஸ் ஜமைக்காவில் பிறந்து நியூயார்க் மாநிலத்தில் வளர்ந்தவர். (அவர் ஏமாந்து போய் நின்றவர் இல்லை, இருவரும் சேர்ந்து செய்த வேலை அது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) மூன்று பெண்கள், மூன்று தேசங்கள், ஆனால் ஃபேஷன் உலகம் மூவருக்கும் எழுதிக் கொடுத்த சொந்த ஊர் ஒன்றுதான்: காடு. கதை முதலில் தயாராகிவிடும், அதற்கு ஏற்ற ஆளைத்தான் அப்புறம் தேடுவார்கள்.

கேள்வி: பழைய கலர் போட்டோக்களில் கறுப்பினத்தவர் முகம் இருட்டடித்துக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிறது. போட்டோகிராபருக்குத் தொழில் தெரியாதா, வேண்டுமென்றே செய்ததா? – வாசகர், விருதுநகர்

பதில்: இரண்டுக்கும் முன்னாலேயே, ஃபிலிமிலேயே கோளாறு இருந்தது. பிரிண்ட் போடுகிற லேப்களுக்கு கோடக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. மற்ற தோல்களின் கதி? கேட்க ஆளில்லை. கடைசியில் யார் புகார் செய்து ஃபிலிமை மாற்றினார்கள் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேஜை விற்கிறவர்களும். டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் விளம்பரத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம்! எண்பதுகளில் வந்த புது ஃபிலிமை, மங்கிய வெளிச்சத்தில் கறுப்புக் குதிரையைக்கூடத் துல்லியமாக எடுக்கும் என்று சொல்லி விற்றார்கள். மனுஷரைச் சொல்ல வாய் வரவில்லை. நம் ஊர் ஸ்டுடியோவில் கண்ணாடி பக்கத்தில் சீப்போடு பவுடர் டப்பாவும் வைத்திருப்பார்களே, நம் தோலும் அந்த ஷெர்லி அட்டைக்கு வெளியேதான் இருந்தது.

இதையெல்லாம் தெரிந்த போட்டோகிராபர் லைட்டைக் கூட்டி, கேமராவுக்குள் கூடுதல் வெளிச்சம் விட்டு எடுத்திருக்கலாம், எடுத்தவர்களும் உண்டு. மற்றவர்கள் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: 'வோக்' ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் கறுப்பின மாடல் யார்? – வாசகி, மதுரை

பதில்: டான்யேல் லூனா, பிரிட்டிஷ் வோக், மார்ச் 1966, எடுத்தவர் டேவிட் பெய்லி. அந்த அட்டையைத் தேடிப் பாருங்கள், ஒரு கண் விரல்களுக்கு நடுவே தெரியும், மூக்கும் வாயும் உள்ளங்கைக்குப் பின்னால். அழகான போஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை அட்டைக்கு வருகிறவர் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு வர வேண்டியிருந்ததே, அது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை. அதற்கு முந்தைய வருஷம் ரிச்சர்ட் அவெடான் அவரை ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக எடுத்தார், அமெரிக்காவின் தென் மாநில விளம்பரதாரர்கள் கோபித்துக்கொண்டார்கள், அப்புறம் லூனாவை எடுக்க அவெடானுக்கு அனுமதியே கிடைக்கவில்லை. அமெரிக்க வோக் அட்டைக்கு ஒரு கறுப்பினப் பெண் வர 1974 ஆனது, அவர் பெவர்லி ஜான்சன். அமெரிக்க வோக் அட்டைப் படத்தைக் கறுப்பின போட்டோகிராபர் ஒருவர் எடுக்க 2018 ஆனது, டைலர் மிட்செல்.

கேள்வி: அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் யோசித்தார்கள், இன்றைய கண்ணோடு பழசைத் திட்டுவது நியாயமா? – வாசகர், சேலம்

பதில்: யார் அந்த எல்லோரும்? 1962 ஜனவரியில், அதே நியூயார்க்கில், கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமில், குவாமே பிராத்வெய்ட் என்ற கறுப்பின போட்டோகிராபரும் அவருடைய அண்ணனும் தோழர்களும் ஒரு ஃபேஷன் ஷோ நடத்தினார்கள். கருத்த தோல், சுருட்டை முடியை நீட்டாமல் அப்படியே விட்ட பெண்கள். பிராத்வெய்ட் எடுத்த படங்களில் ஒரு புலித்தோல் கிடையாது, ஒரு கூண்டு கிடையாது. வோக்காரர்கள் டாக்சி பிடித்துப் போய்ப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்கிறீர்களே, நம்மவர்கள்? – அதே வாசகர்

பதில்: நம்மவர்களுக்கும் குறைச்சல் இல்லை. 2008 ஆகஸ்டில் வோக் இந்தியா என்ன செய்தது? விலை உயர்ந்த வெளிநாட்டுப் பிராண்டுகளை ஏழைகள் கையில் கொடுத்துப் படம் எடுத்தது: செருப்பில்லாத ஒரு பெரியவர் கையில் பர்பெரி குடை, முன்பல் இல்லாத ஒரு பாட்டியின் இடுப்பில் ஃபெண்டி பிப் (குழந்தைக்குச் சாப்பிடும்போது கழுத்தில் கட்டும் துணி) கட்டிய குழந்தை, மோட்டார் பைக்கில் நெருக்கியடித்துப் போகிற குடும்பத்துப் பெண்ணின் கையில் பத்தாயிரம் டாலருக்கும் மேலான ஹெர்மெஸ் பை. கண்டனம் கிளம்பியதும், ஃபேஷனை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிற தொனியில் ஆசிரியர் பதில் சொன்னார். படங்களுக்குக் கீழே குடையின் கம்பெனி பெயர் இருந்தது, பிப்பின் கம்பெனி பெயர் இருந்தது. அவற்றோடு படத்தில் இருந்த மனிதர்கள் வெறும் 'ஒரு ஆண்', 'ஒரு பெண்'.