தென்னைக்கு எது பெரிய தொல்லை: காண்டாமிருக வண்டா, கருந்தலைப்புழுவா?

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு நூற்றுச்சொச்சம் தென்னை இருக்கு. ரெண்டிடமும் அடி வாங்கியாச்சு. கன்று வைத்திருக்கிறீர்கள் என்றால் வண்டுக்குப் பயப்படுங்கள். காய்க்கிற மரத்துக்குப் புழுதான் எமன்.

வண்டு விஷயத்தில் தப்பு பண்ணுவது பெற்றவர்கள். ராத்திரி பறந்து வந்து குருத்தைத் துளைத்து உள்ளே போகும். மென்று துப்பிய நார் துளை வாயில் பிதுங்கி நிற்கும். மடிந்திருக்கும் ஓலை அப்போதே அறுபட்டுவிடுவதால், பிற்பாடு மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் முக்கோணமாக நறுக்கின மாதிரி தெரியும். அதன் பிள்ளைகளோ மரத்தின் பக்கமே வராது, எருக்குழியில் கிடந்து கொழுக்கும். நானும் வண்டைக் குத்தி எடுக்கக் கொக்கிக் கம்பியோடு மரம் மரமாக அலைந்தேன். ஒரு நாள், ரொம்ப காலமாகக் கிளறாத எங்கள் குழியைக் கிளறினால், கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கின்றன. வளர்த்துவிட்டதே நான்தான்! அன்றைக்குக் கோழிகளுக்கு விருந்து. இப்போது குழியில், அந்தப் புழுக்களுக்கு நோய் கொடுத்துக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலக்கிறேன், குருத்தை ஒட்டின மட்டை இடுக்கில் வேப்பம் புண்ணாக்கும் மணலும் 1:2 வைக்கிறேன்.

கருந்தலைப்புழுவில் எல்லாம் தலைகீழ். தாய் ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி. சில நாள்தான் ஆயுசு, மரத்தை ஒன்றும் செய்யாது. பிள்ளைகள்தான் ஓலையின் அடிப்பக்கம் நூலும் எச்சமும் சேர்த்துக் கூடு பின்னி, உள்ளிருந்தே பச்சையைச் சுரண்டும். அடிமட்டையில் ஆரம்பித்து மேலே ஏறும். முற்றினால் தோப்பே தீய்ந்த மாதிரி இருக்கும். மரம் வருஷத்துக்கு 12, 14 மட்டைதான் விடும், கொண்டையில் இருப்பதோ 30க்கு மேல். முழுசாகத் தேற ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவரை காய் வரத்தும் அடிதான்.

இதற்கு அடிமட்டைகளை வெட்டிக் கொளுத்திவிட்டு பெத்திலிட் ஒட்டுண்ணி விடுவோம். எறும்பு மாதிரி குட்டிக் குளவி. புழுவைக் கொட்டி மயக்கி, மேலே முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும்வரை பக்கத்திலேயே காவல் நிற்கும். ஓலையைத் திருப்பி நானே பார்த்திருக்கிறேன். ஒட்டுண்ணி விட்ட கையோடு பூச்சிமருந்து அடித்துவிடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்படித்தான் செய்தார்: குளவி செத்தது, கூட்டுக்குள் இருந்த புழு நிறைய தப்பித்துக்கொண்டது.