விண்டோஸ் 11 டாஸ்க்பாரில் கோப்புறையை எப்படிப் பின் (pin) செய்வது, அதாவது நிலையாகப் பொருத்தி வைப்பது? விண்டோஸ் 10-இல் இருந்த டூல்பார் எங்கே போனது?

அந்த 'நியூ டூல்பார்' வசதியை விண்டோஸ் 11-இல் எடுத்துவிட்டார்கள். கோப்புறையை டாஸ்க்பாருக்கு இழுத்துப்போட்டாலும் தனி ஐகானாக நிற்காது. மாற்றுவழி ஒன்று இருக்கிறது.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், நியூ, ஷார்ட்கட். இடம் கேட்கும் பெட்டியில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, மேற்கோள் குறிக்குள் கோப்புறையின் முழுப் பாதையை (அது கணினியில் இருக்கும் முகவரியை) ஒட்டுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: முன்னால் அந்தச் சொல் இல்லையென்றால் அது வெறும் கோப்புறை ஷார்ட்கட், பின் செய்யும் வாய்ப்பே காட்டாது. பிறகு ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' போய், 'பின் டு டாஸ்க்பார்' கொடுங்கள். எல்லாக் கோப்புறைக்கும் ஒரே மஞ்சள் ஐகான் வந்து குழப்பும் என்பதால், பின் செய்யும் முன்பே ப்ராப்பர்ட்டீஸில் ஐகானை மாற்றிவிடுவது நல்லது.

பின் செய்ததைத் திறக்க மௌஸே வேண்டாம் என்றால் விண்டோஸ் கீயுடன் 1 முதல் 9 வரை அழுத்தலாம், பத்தாவதுக்கு 0. எண்ணிக்கை பின் செய்த முதல் ஐகானிலிருந்து தொடங்கும். ஸ்டார்ட், தேடல் பொத்தான்கள் சேராது. கூடவே ஷிஃப்ட்டும் அழுத்தினால் திறந்திருக்கும் நிரலுக்கு இன்னொரு புதிய சாளரம் வரும். அடிக்கடி தொடுவதை முதல் நான்கு இடத்துக்கு இழுத்து வையுங்கள்; ஏழுக்கு மேல் ஒரு கையால் எட்டாது.