பரங்கிமலைச் சிலுவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு பரங்கிமலைக்குப் போயிருந்தேன். உச்சியில் இருக்கும் மாதா கோயில் ஏமாற்றிவிட்டது. வெள்ளையடித்த சின்னக் கட்டடம், அவ்வளவுதான். 1523-இல் கட்டியது என்கிறார்கள். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சிலுவையை இயேசுவின் சீடர் தோமையாரே செதுக்கினார் என்றார் ஒரு பெரியவர். இதையெல்லாம் வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

கட்டடத்துக்காக உங்களோடு மல்லுக்கு நிற்கமாட்டேன். போர்த்துக்கீசியர் எழுப்பிய எளிய கோயில் அது. பெரியவர் காட்டிய கல்தான் விஷயம். 1547-இல் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது.

அடுத்தமுறை பீடத்தை எவ்வளவு நெருங்க விடுகிறார்களோ அவ்வளவு நெருங்கிப் பாருங்கள். முனைகள் மொட்டுப்போல விரிந்த சிலுவை. அடியில் இருபுறமும் சுருண்டெழும் இலைகள். தலைக்கு மேலே கீழ்நோக்கி இறங்கும் புறா. இருபக்கமும் தூண்கள், அவற்றின் மேல் மகரங்கள், மகர வாயிலிருந்து கிளம்பும் வளைவு. இந்த மகர தோரணத்தை எத்தனை சிவன் கோயில்களில் பார்த்திருப்பீர்கள்! உளி பிடித்தது தென்னாட்டுக் கை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வளைவை ஒட்டி ஓடும் எழுத்துதான் எவருக்கும் பிடிபடவில்லை. போர்த்துக்கீசியர் ஒரு பிராமணப் பண்டிதரை வரவழைத்தார்கள். அவர் தோமையார் கதையையே நீளமாக ‘வாசித்து’க் காட்டினார். அவ்வளவு கதை கொள்ள அங்கே இடமே கிடையாது. (கூப்பிட்டவர் மனம் குளிர வாசிக்கும் பண்டிதர்கள் எல்லாக் காலத்திலும் கிடைக்கிறார்கள்.) அது பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து என்று 1873-இல் விளக்கி எழுதியவர் ஆங்கிலேய மொழியறிஞர் பர்னெல். 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. இதே வாசகம் கேரளத்தில் கோட்டயம் வலிய பள்ளி என்ற தேவாலயத்தின் சிலுவைக்கல்லிலும் இருக்கிறது.

ஆக, தோமையார் செதுக்கியது என்பது நம்பிக்கை. எழுத்து அதற்கு இடம்தரவில்லை. ஆனால் வாஸ்கோ ட காமா கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் வழிபட்டிருக்கிறார்கள். இதைவிட நல்ல சாட்சி எங்கே தேடுவீர்கள்? 1558 டிசம்பர் 18 அன்று பூசை வேளையில் கல்லில் இரத்தம் கசிந்தது என்பார்கள். அது பக்தர்களின் விஷயம், அதில் நான் தலையிடுவதில்லை.

எந்த வழியாக ஏறினீர்கள் என்று எழுதவில்லையே. மலையேறும் படிக்கட்டு ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கானின் கொடை. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726-இல் பாலம் கட்டிக்கொடுத்தவரும் அவரே. அடுத்தமுறை வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டுப் போங்கள்.